சின்ன விமானத்துக்கு ஷெட் பெற்றோல் ஊத்தலாமா? மேல போனா இஞ்சின் நிக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கெழமை வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னைய ரெண்டு நாளா தூங்க விடல. நோர்வூட் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, காசல்ரீ தண்ணியில வந்து எறங்குற ப்ளேன் எங்க லயத்துல இருந்து பாத்தா தெரியும். அதுக்கு நம்ம ஷெட்ல அடிக்கிற பெற்றோல் ஊத்தலாமா? ஊத்தினா மேல வரும்போது இஞ்சின் நின்னுரும்னு எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் சொல்றாரு. 92 ஒக்டேன் பெற்றோல் ஊத்தினாத்தான் நிக்கும், 95 ஊத்தினா நிக்காதாம். உண்மையா? இன்னொண்ணு, என் பைக் நுவரெலியா ஏறும்போது இழுக்க மாட்டேங்குது. 95 அடிச்சா சரி வருமா?"

நல்ல கேள்வி தம்பி. அந்த அண்ணன் சொன்னதுல பாதி சரி. அந்தப் பாதி எப்படிச் சரின்னு அவருக்கே தெரியுமான்னுதான் எனக்கு சந்தேகம்.

மொதல்ல ஒண்ண ஒதுக்கி வச்சிருவோம். காசல்ரீயில எறங்குதே, அது செஸ்னா கரவேன். முன்னால ஒரே ஒரு காத்தாடி சுத்துறதால நம்ம ஆளுங்க அதுவும் பெற்றோல் இஞ்சின்தான்னு நெனச்சுக்கிறாங்க. கெடையாது. உள்ள இருக்கிறது டர்பைன், ஜெட் இஞ்சின் வகை. குடிக்கிறது ஜெட் ஏ-1, மண்ணெண்ணெய் குடும்பம். 2020 ஜனவரியில அப்புத்தளையில விழுந்துச்சே விமானப் படையோட ஒய்-12, அதுவும் டர்பைன்தான். அப்புறம் நம்ம பக்கத்துல யாரும் மறக்காதது, 1974 டிசம்பர் 4ஆம் தேதி ஏழு கன்னியர் மலையில மோதின டச்சுக்காரங்க டிசி-8. இந்தோனேசியாவுல இருந்து ஹஜ் பயணிகள ஏத்திக்கிட்டு வந்தது, 191 பேர் போயிட்டாங்க. அது நாலு ஜெட் இஞ்சின். மலையில ஒரு விமானம் விழுந்தாலே "எண்ணெய் சரியில்ல போல"ன்னு கத கட்டுற பழக்கம் நமக்கு இருக்கு. ஏழு கன்னியர்ல நடந்தது வேற விஷயம். கட்டுநாயக்காவ நெருங்கிட்டோம்னு நெனச்சு கீழ எறங்கிட்டாங்க, மலை குறுக்க நின்னுச்சு.

அப்ப உங்க கேள்வி எதுக்குப் பொருந்தும்? ரத்மலானை விமான நிலையத்துல பறக்கப் படிக்கிற புள்ளைங்க ஓட்டுற செஸ்னா 150, 152, 172 மாதிரி, கார்ல இருக்கிற மாதிரி பிஸ்டன் இஞ்சின் உள்ள விமானங்களுக்கு. அதுங்களுக்கு ஊத்துறது அவ்கேஸ், விமானத்துக்குன்னே செய்யிற பெற்றோல். 100 எல்எல்னு சொல்லுவாங்க, நீல நிறம். அதுல இன்னமும் ஈயம் இருக்கு, லீட்டருக்கு 0.56 கிராம் வரைக்கும் இருக்கலாம். சாதாரண பெற்றோல விட வெலையும் கூட, எல்லா எடத்துலயும் கெடைக்கவும் செய்யாது. அதனாலதான் உலகம் பூராவும் சின்ன விமானக்காரங்க "ஷெட் பெற்றோல் ஊத்தினா என்ன?"ன்னு ரொம்ப காலமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அமெரிக்காவுல 1982லயே செஸ்னா 150க்கு அதுக்கு முறையா அனுமதி வாங்கினாங்க. சும்மா வாங்கல, பறந்து பாத்து, அளந்து, எழுதிக் காட்டி வாங்கினாங்க. ஆக, ஊத்தவே முடியாதுங்கிறது பொய். எதுல வேணும்னாலும் ஊத்தலாம்ங்கிறது அதவிடப் பெரிய பொய்.

இப்ப அண்ணன் சொன்ன 92, 95 விஷயத்துக்கு வாறேன். ஒக்டேன். ஒக்டேன்ங்கிறது எண்ணெயோட சக்தி இல்லன்னு நான் எத்தன வீடியோவுல சொல்லியிருக்கேன்! சிலிண்டருக்குள்ள அமுக்கும்போது தானா வெடிக்காம எவ்வளவு தூரம் பொறுத்துக்கும்ங்கிறதுதான் ஒக்டேன். அமுக்கம் கூடின இஞ்சினுக்கு கூட வேணும், கொறஞ்சதுக்கு கொறச்சல் போதும். செஸ்னா 150ல இருக்கிற கொன்டினென்டல் ஓ-200 இஞ்சினோட அமுக்க விகிதம் 7க்கு 1, அதாவது ஏழு பங்கு எடத்துல இருக்கிறத ஒரு பங்குக்கு அமுக்கும். பழைய 80 ஒக்டேன் எண்ணெய்க்கு செஞ்ச இஞ்சின் அது. அதுக்குத் தம்பி மாதிரியே இருக்கிற செஸ்னா 152ல லைக்கொமிங் ஓ-235. அது 8.5க்கு 1, அது கேக்கிறது 100. பக்கத்துல நிறுத்தி வச்சா பாதிப் பேருக்கு எது 150, எது 152ன்னு தெரியாது. ஆனா ஒண்ணு ஷெட் பெற்றோலுக்கு ஒத்து வாற இஞ்சின், மத்தது கேக்கிறது வேற.

"95க்கும் 100க்கும் அஞ்சுதானே வித்தியாசம்"னு கணக்குப் போட்டுராதீங்க. ஷெட் பலகையில போட்டிருக்கிற 95 ஒரு மாதிரி அளந்தது, விமான எண்ணெயோட 100 வேற மாதிரி, இன்னும் கடுமையா சோதிச்சு அளந்தது. நம்ம 95அ அந்தக் கடுமையான சோதனையில போட்டா 85 கிட்டத்தான் வரும்.

ஆனா நான் சொல்ல வாறது இது இல்ல. நல்லா கேளுங்க. ஒக்டேன் கொறஞ்சா ஆபத்து எங்க வரும்? மேலயா? இல்ல. ரத்மலானை ஓடுபாதையில, கடல் மட்டத்துல, இஞ்சினோட முழு சக்தியில எழும்பும்போது. அங்கதான் காத்து அடர்த்தி, சிலிண்டருக்குள்ள அமுக்கம் உச்சம். மேல போகப் போக காத்து மெலியுது, ஆயிரம் அடிக்கு 3 வீதம் மாதிரி இஞ்சினோட சக்தி கொறையுது, உள்ள அமுக்கமும் கொறையுது. அப்ப மேல போனா ஒக்டேன் தேவை கொறையத்தான் செய்யும். நுவரெலியா உயரத்துல 92 பத்தாம 95 வேணும்ங்கிறது தலைகீழ் நியாயம்.

அப்ப மேல இஞ்சின் ஏன் நிக்குது? பருப்பு வேகாத அதே கதைதான்.

பழைய ஆளுங்களுக்கு நம்ம பருப்புக் கதை தெரியும். புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி. கொழும்புல தண்ணி 100 பாகையில கொதிக்கும், நுவரெலியாவுல 94 கிட்டயே கொதிச்சுரும். தண்ணி தளதளன்னு கொதிச்சாலும் சூடு பத்தாது, அதனாலதான் கொழும்புல இருந்து வந்த மருமகளுக்கு பருப்பு வேக மாட்டேங்குது, மாமியார்கிட்ட பேச்சு வாங்குறா. காரணம் என்ன? மேல இருந்து அழுத்துற காத்து கொறைவு. கடல் மட்டத்துல 101 கிலோபாஸ்கல், நுவரெலியாவுல 81 கிட்ட. அழுத்தம் கொறஞ்சா எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். தண்ணிக்குத் தனிச் சட்டம், பெற்றோலுக்குத் தனிச் சட்டம்னு கெடையாது.

இப்ப பெற்றோலுக்கு இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க. எண்ணெய் 37.8 பாகையில இருக்கும்போது அது எவ்வளவு ஆவியழுத்தம், அதாவது ஆவியாகி வெளிய தள்ளுற அழுத்தம், குடுக்குதுன்னு அளப்பாங்க. அதுதான் உலகம் பூரா வச்சிருக்கிற அளவு. அவ்கேஸுக்கு அது 38ல இருந்து 49 கிலோபாஸ்கலுக்குள்ள இருந்தாகணும். மேல கீழ போகக்கூடாது. கார் பெற்றோலுக்கு அந்த மாதிரி இறுக்கமான வேலி கெடையாது. 60, 70ன்னு சாதாரணமா இருக்கும். பனி விழுற நாடுகள்ல குளிர் காலத்துல கார் ஸ்டார்ட் ஆகணும்னு ப்யூட்டேன் கலந்து 100 வரைக்கும் ஏத்திருவாங்க. இது 37.8 பாகையில. வெயில்ல நின்ன விமானம், சூடான இஞ்சின் பக்கத்துல ஓடுற குழாய், அதுல எண்ணெய் 50 பாகைக்கு வந்துச்சுன்னு வைங்க. 60ஆ இருந்த பெற்றோல் 80ஐத் தாண்டிரும். நுவரெலியா உயரத்துல காத்தோட அழுத்தம் என்னன்னு சொன்னேன்? 81. ரெண்டும் சமமான எடத்துலதான் கொதிப்பு. குழாய்க்குள்ள பெற்றோல் கொதிச்சு ஆவியாகி நிக்கும். பம்ப் திரவத்த இழுக்கத் தெரிஞ்ச பம்ப், ஆவிய இழுக்கத் தெரியாது. எண்ணெயையும் காத்தையும் கலக்கிற காபரேட்டருக்கு எண்ணெய் வராது. இஞ்சின் இருமும், அப்புறம் அமைதியாயிரும். வேப்பர் லொக்ன்னு சொல்லுறது இதைத்தான்.

அண்ணன் சொன்னதுல பாதி சரின்னேனே, இதுதான் அந்தப் பாதி. நிக்கும். ஆனா 92ங்கிறதால இல்ல. 95 ஊத்தினாலும் அதே கொதிதான்.

இது நம்ம பழைய ட்ரைவர்மாருக்கு பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். எங்க மாமா ஒருத்தர் ஹட்டன்ல ஹயர் கார் ஓட்டினாரு. பழைய ஒஸ்டின். காலையில கொழும்புக்கு எறங்கும்போது கார் ராஜா மாதிரி போகும். மத்தியானம் திரும்பி வரும்போது அவிசாவளை, கரவனெல்லைன்னு அந்த வெக்கையில வந்து, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏத்தத்துல ஏறினா போச்சு. திணறும், தும்மும், நின்னுரும். பின்னால இருக்கிற பொம்பளைங்க "காருக்கு ஏதோ காத்துக் கருப்பு அண்டிருச்சு, எலுமிச்சம்பழம் வெட்டுங்க"ன்னுவாங்க. மாமா ஒண்ணும் பேச மாட்டாரு. எறங்குவாரு, ரோட்டோரத்து பீலியில சாக்க நனைப்பாரு, பொனட்ட தூக்கி பெற்றோல் பம்ப் மேல சுத்தி வச்சிட்டு ஒரு பீடி பத்த வைப்பாரு. காருல இருந்து தள்ளி நின்னுதான், அந்தப் புத்தி இருந்துச்சு. பீடி முடியும், கார் ஸ்டார்ட் ஆகும். ஈரச் சாக்கு பம்ப குளிர வச்சது, ஆவி திரும்ப எண்ணெயாச்சு. வேற மந்திரம் இல்ல.

அந்தக் கதையில ஒண்ண கவனிங்க. ஏறும்போது மட்டும்தான் நிக்கும். கீழ சூடாகி, மேல அழுத்தம் கொறையிற எடத்துக்கு அந்தச் சூட்டோடயே வந்து சேருது. விமானத்துல இது இன்னும் மோசம். ரத்மலானையில 32 பாகை வெயில்ல ஓடுபாதைக்குக் காத்துக்கிட்டு நிக்கும், டாங்க் சூடாகும். எழும்பி நிமிஷத்துக்கு 600, 700 அடின்னு ஏறினா கால் மணித்தியாலத்துக்குள்ள 8,000 அடி. வெளிய குளிர் அடிக்குது, ஆனா டாங்க்ல இருக்கிற எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. சூடான எண்ணெய், மெலிஞ்ச காத்து. மாமாவுக்காவது பீலி இருந்துச்சு. 8,000 அடியில எங்க போய் சாக்கு நனைக்கிறது?

இப்ப உள்ள காருல ஏன் இது வர்றதில்ல? பம்ப் டாங்குக்குள்ளயே மூழ்கி நின்னு, அங்க இருந்தே பெரிய அழுத்தத்தோட தள்ளுது. தள்ளுற எண்ணெய் லேசுல கொதிக்காது. இழுக்கிற எண்ணெய்தான் கொதிக்கும். விமானத்துலயும் அதே நியாயம்தான். செஸ்னா மாதிரி இறக்கை மேல இருந்தா எண்ணெய் தானா பாரத்துல எறங்கி வருது, ஓரளவுக்குத் தப்பிக்கும். பைப்பர் செரோக்கி மாதிரி இறக்கை கீழ இருந்தா பம்ப் கீழ இருந்து உறிஞ்சணும். உறிஞ்சுற எடத்துல அழுத்தம் இன்னும் கொறையும். அதனாலதான் அந்த வகையில சிலதுக்கு பம்பையும் குழாயையும் மாத்தினாத்தான் கார் பெற்றோலுக்கு அனுமதின்னு வச்சிருக்காங்க. அனுமதிங்கிறது கடுதாசி விளையாட்டு இல்ல தம்பி, பல பேர் உக்காந்து யோசிச்ச இந்தப் பருப்புக் கதைதான் அது.

ஒரு வகை இஞ்சின் இருக்கு, ரோட்டாக்ஸ் 912. ரொம்ப லேசான விமானங்கள்ல பூட்டுறது. அது பொறந்ததே ஷெட் பெற்றோலுக்காகத்தான். 80 குதிரை வலுவுக்காரனுக்கு 90 ஒக்டேன் போதும், 100 குதிரை வலுவுக்காரனுக்கு 95 வேணும். ஈயம் போட்ட அவ்கேஸ்தான் அதுக்குப் புடிக்காது, ஒயில் சீக்கிரமா மாத்தச் சொல்லுவாங்க. அதுலயும் ஆவி தேங்காம டாங்குக்குத் திரும்பிப் போக ஒரு குழாய் வச்சிருக்காங்க. பாத்தீங்களா, அங்கயும் கொதிக்குப் பயந்துதான்.

நான் விமானம் நிப்பாட்டுற ஹேங்கர்ல வேலை செஞ்ச காலத்துல எங்களுக்கு ஒரு பெரியவர் இருந்தாரு, சிங்களவர், கை பூரா கிறீஸ். தினமும் காலையில இறக்கைக்கு அடியில ஒரு கண்ணாடிக் குவளையில எண்ணெய் வடிச்சு வெளிச்சத்துல பாப்பாரு. நீலமா இருக்கா, அடியில தண்ணி முத்து நிக்குதா. அப்புறம் வெள்ளக் கடதாசியில ஒரு சொட்டு விடுவாரு. அவ்கேஸ்னா தடமே இல்லாம பறந்துரும், ஜெட் எண்ணெய் கலந்திருந்தா எண்ணெய்க் கறை வட்டமா நிக்கும். ஒரு நாள் ஒரு ஐயா நாலு கேன்ல பெற்றோலோட வந்து "இத ஊத்துங்க, எல்லாம் ஒண்ணுதான்"னாரு. பெரியவர் சண்டை போடல. கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, மேல அந்த பெற்றோல ஊத்தி, குலுக்கி வச்சாரு. தண்ணி மட்டம் கோட்டுக்கு மேல ஏறியிருந்துச்சு. எத்தனோல் இருந்தா அது தண்ணியோட சேந்துக்கும், தண்ணி கூடின மாதிரி தெரியும். அந்த ஐயா கேனத் தூக்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. எத்தனோல் பழைய விமானத்தோட ரப்பரையெல்லாம் தின்னுரும், மேல குளிர்ல தண்ணியோட சேந்து தனியாப் பிரிஞ்சு அடியில தங்கும். அனுமதி உள்ள விமானத்துலகூட எத்தனோல் கலந்தது கூடாதுன்னுதான் எழுதியிருக்கு.

இன்னொரு சின்ன விஷயம், கேன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல வரிசையில நின்னோமே, அப்ப புடிச்ச பெற்றோல மாசக் கணக்கா கேன்ல வச்சிருந்து அப்புறம் பைக்குக்கு ஊத்தி "ஸ்டார்ட் ஆகல"ன்னு எத்தன பேர் எனக்கு எழுதினீங்க. சீக்கிரம் ஆவியாகிற பகுதி பறந்து போயிருக்கும். அந்தப் பகுதி கூடினா மேல கொதிக்கும், இல்லாமப் போனா கீழ ஸ்டார்ட் ஆகாது.

சரி, உண்மையச் சொல்லணும்னா, தம்பி என்கிட்ட வேற ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்னு எனக்கு ஆசை. நம்ம மலையில பெற்றோல் விமானத்துக்கு கொதிய விடப் பெரிய எதிரி பனிக்கட்டி. யாரும் அத கேக்கிறதே இல்ல.

காபரேட்டருக்குள்ள எண்ணெய் ஆவியாகும்போது சூட்ட உறிஞ்சுது, குறுகலான வழியில காத்து விரியும்போதும் குளிருது. ரெண்டும் சேந்து உள்ள சூடு 30 பாகை வரைக்கும் எறங்கலாம். வெளிய நுவரெலியாவுல 16 பாகை, மூடுபனி, காத்து பூரா ஈரம்னு வைங்க. உள்ள பூச்சியத்துக்குக் கீழ போயிரும். காத்துல இருக்கிற ஈரம் காபரேட்டர் தொண்டையில ஐஸா ஒட்டும். வெளிய ஒரு துளி ஐஸ் இருக்காது! 25 பாகையிலகூட ஈரம் இருந்தா நடக்கும். இதுல கார் பெற்றோல் இன்னும் மோசம், ஏன்னா அது அவ்கேஸ விட லேசா ஆவியாகுது, அதனால இன்னும் குளிருது. ஆக ஒரே குணம் குழாய்ல சூடு பட்டா கொதி, காபரேட்டர்ல ஐஸ். ரெண்டு பக்கமும் அடி.

இதுக்கு விமானத்துல ஒரு குமிழ் இருக்கு, காப் ஹீட். இழுத்தா இஞ்சின் புகைபோக்கி பக்கத்துல சூடான காத்து உள்ள வரும், ஐஸ் உருகும். இதுல புதுப் பிள்ளைங்க மாட்டுற எடம் எது தெரியுமா? இழுத்த ஒடனே இஞ்சின் சரியாகாது, இன்னும் மோசமா ஒதறும். உருகின தண்ணிய குடிக்குதில்ல. பயந்துபோய் குமிழத் திரும்பத் தள்ளிருவாங்க. தள்ளக்கூடாது. ஒதறட்டும். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுரும்.

பக்கத்துல இன்னொரு சிவப்புக் குமிழ், எண்ணெய்-காத்து கலவைக்கு. மேல காத்து மெலிஞ்சதும் அத இழுத்து எண்ணெயக் கொறைக்கணும், இல்லன்னா எண்ணெய் அதிகமாகி இஞ்சின் மூச்சு முட்டும். கீழ எறங்கும்போது திரும்ப தள்ளணும். மறந்துட்டா நல்லா ஓடிக்கிட்டு வந்த இஞ்சின் ரத்மலானை கிட்ட வந்து எண்ணெய் பத்தாம தடுமாறும். அப்பவும் "பெற்றோல் சரியில்ல"ன்னுதான் சொல்லுவாங்க.

இப்ப உங்க பைக். அதுவும் இந்தச் சிவப்புக் குமிழ் கதைதான், வித்தியாசம் என்னன்னா பைக்குக்கு அந்தக் குமிழ் இல்ல. நுவரெலியாவுல காத்து அஞ்சுல ஒரு பங்கு கொறைவு, காபரேட்டர் எண்ணெய மட்டும் கொறைக்காம குடுக்குது. அதான் இழுக்காது, பிளக் கறுத்துப் போகும். 95 போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல, உங்க பைக் புத்தகத்துல 92 போதும்னு இருந்தா 92யே அடிங்க. சக்தியில கொஞ்சம் கொறையத்தான் செய்யும், அது எந்த எண்ணெய் ஊத்தினாலும் வராது, காத்துதான் இல்லையே. எப்பவும் மேலயே ஓட்டுறவரா இருந்தா நல்ல மெக்கானிக் பாஸ்கிட்ட சொல்லி, காபரேட்டர்ல எண்ணெய அளந்து விடுற மெயின் ஜெட்ட ஒரு நம்பர் கொறச்சுப் போடலாம். ஆனா மாசத்துக்கு ஒரு தரம் கொழும்பு எறங்குறவர்னா அதச் செய்யாதீங்க, கீழ எண்ணெய் பத்தாம இஞ்சின் சூடாகிரும். காபரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் பைக்னா இந்தக் கவலையே இல்ல, அது தானாப் பாத்துக்கும். அப்ப இழுக்கலன்னா வேற கோளாறு. எப்படியும் மொதல்ல ஏர் ஃபில்டர கழட்டிப் பாருங்க தம்பி. ஃபெக்டரி பக்கத்துல நிப்பாட்டுறீங்கன்னா தேயிலைத் தூசி அடைச்சிருக்கும். பிளக்கையும் கழட்டி, நிறம் தெரியிற மாதிரி பகல் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்புங்க.